விசைப்பலகையும் கரும்பலகையும்: சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையின் கணினி வரலாறு

1997ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலான ஐந்து வாரங்களில் சிங்கப்பூரில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடைபெற்றன. ஏப்ரல் 28ஆம் நாள் கல்வி அமைச்சு தனது முதலாவது தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. மே மாதத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘தமிழ்நெட் 97’ என்னும் தமிழ் இணைய மாநாடு கூடியது. ஜூன் 2ஆம் நாள் அன்றைய பிரதமர் கோ சோக் தோங், ‘சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் நாடு’ என்னும் கொள்கையைத் தம் உரையொன்றில் முன்வைத்தார். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் சிங்கப்பூர்க் கல்வி வரலாற்றைப் பேசும் நூல்கள் அனைத்திலும் இடம்பெறுகின்றன. இரண்டாவதைத் தமிழ்க் கணிமை பற்றி எழுதுவோர் மட்டுமே நினைவுகூர்கின்றனர். ஆயினும் தமிழ் வகுப்பறையைப் பொறுத்தவரை, மற்றைய இரண்டும் எந்த நிலத்தின்மேல் நிற்க வேண்டுமோ அந்த நிலத்தைப் பற்றிப் பேசியது அந்த இரண்டாவது நிகழ்ச்சியே என்பது நம் துணிபு.

பெருந்திட்டத்தின் அளவை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஐந்தாண்டுக் காலம், ஏறத்தாழ 200 கோடி வெள்ளி. 2002ஆம் ஆண்டுக்குள் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி; பாடநேரத்தில் 30 விழுக்காடு தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு நடைபெற வேண்டும். அந்நாளில் உலகில் வேறெந்த நாடும் இத்தனை துணிவாக இலக்கு வகுத்திருக்குமா என்பது ஐயமே. கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் ‘எந்த மென்பொருள்?’ என்று கேட்டனர். தமிழாசிரியர்களாகிய நாம் அதற்கும் முந்தைய ஒரு வினாவில் சிக்கி நின்றோம்: ‘எந்த எழுத்து?’

அவ்வினாவின் கனத்தை இன்றைய மாணவர்கள் உணர வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, பள்ளிகளில் தொழில்நுட்பம் அறவே இல்லாமல் இல்லை. கல்வித் தொலைக்காட்சி 1967இலேயே வந்துவிட்டது. 1980இல் தொடங்கப்பெற்ற பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் பாடநூல்களோடு ஒலிநாடாக்களையும் அனுப்பத் தொடங்கியது. ஆங்கில ஆசிரியர் தம் பயிற்சித்தாளைத் தட்டச்சில் அடித்து, ரோனியோ இயந்திரத்தில் சுற்றி எடுத்துக்கொள்வார். பள்ளி அலுவலகத்தில் இருந்த தட்டச்சுப்பொறி ஆங்கிலப் பொறி. நாமோ மெழுகுத்தாளை மேசைமேல் விரித்து, எழுத்தாணி போன்ற ஊசியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறுவோம். சுழிகளில் அழுத்தம் மிகுந்தால் தாள் கிழியும்; ‘ண’கரத்தின் நடுவே ஓட்டை விழும். அந்த ஓட்டைவழி மை கசிந்து, ‘கண்ணன்’ என்ற பெயர் கரும்புள்ளியாய் அச்சான தேர்வுத்தாளொன்று நம்மிடம் நெடுநாள் இருந்தது.

தமிழுக்குத் தட்டச்சுப்பொறியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதை உருவாக்கிய யாழ்ப்பாணத்தவர் ஆர். முத்தையா, தம் இளமைக்காலத்தைச் சிங்கப்பூரில் பணியாற்றிக் கழித்தவர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. 247 எழுத்துகளை ஒரு சிறு பலகையில் அடக்குவதற்கு, அச்சிட்டபின் நகராமல் அவ்விடத்திலேயே நிற்கும் ‘நகரா விசை’ என்னும் உத்தியை அவர் கையாண்டார். புள்ளியும் விசிறியும் எழுத்தோடு சேர்ந்து அமரும் வகை அப்படிப் பிறந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையால் நடைமுறைக்கு வந்து, பின்னர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏற்கப்பெற்ற எழுத்துச் சீர்திருத்தமும், ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் வடிவை ஒழுங்குபடுத்தியபோது, கற்பதற்கு எளிமை என்பதோடு அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பதையும் ஒரு காரணமாகக் கொண்டிருந்தது. பொறி ஒவ்வொன்றும் எழுத்தை நோக்கி, ‘நீ கொஞ்சம் சுருங்கு’ என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கணினி அவ்வாறு கேட்க வேண்டிய தேவையில்லாத முதற்பொறி. ஆயினும் அது வேறொரு துன்பத்தைக் கொண்டுவந்தது.

தொடக்கக் காலக் கணினித் தமிழ் என்பது, உள்ளபடியே ஆங்கில எழுத்தின் எண்களுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஏற்பாடு. கணினியின் உள்ளே ஓர் எண்; திரையில் அந்த எண்ணுக்கு எந்த உருவம் தோன்ற வேண்டும் என்பதை எழுத்துரு முடிவுசெய்யும். ஒவ்வொரு மென்பொருளாளரும் தம் விருப்பப்படி எண்களைப் பங்கிட்டனர். ஓர் எழுத்துருவில் ‘க’ நின்ற இடத்தில் மற்றொன்றில் ‘ஞெ’ நிற்கும். 1990களின் நடுவில், நாம் இல்லத்தில் இரண்டு இரவு கண்விழித்து அமைத்த அரையாண்டுத் தேர்வுத்தாளை நெகிழ்வட்டில் பதிந்து பள்ளிக்கு எடுத்துச் சென்றோம். பள்ளிக் கணினி அதை ஐரோப்பியக் குறியெழுத்துகளின் அணிவகுப்பாகக் காட்டியது. அலுவலக உதவியாளர், அன்பான சீன அம்மையார், ‘இது உங்கள் மொழியின் பழைய எழுத்தா?’ என்று உண்மையாகவே கேட்டார். இறுதியில் அத்தாளைக் கையால் எழுதி நகலெடுத்தோம். அக்காலப் பயிற்சித்தாள்கள் அடங்கிய நெகிழ்வட்டுகள் இரண்டு காலணிப் பெட்டிகள் நிறைய இன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றைத் திறக்கும் மென்பொருள் இல்லை.

இது ஒருவரது மனக்குறை மட்டுமன்று. ஆசிரியத் தொழிலின் வளர்ச்சி, ஒருவர் ஆக்கியதை மற்றொருவர் எடுத்துத் திருத்திப் பயன்படுத்துவதில் இருக்கிறது. உட்லண்ட்ஸில் ஒருவர் ஆக்கிய பாடத்தைத் தெம்பனிஸில் ஒருவர் திறக்க முடியாதெனில், 30 விழுக்காடு என்ற இலக்கைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தனித்தனியே, வெறுங்கையோடு தொடங்கி எட்ட வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் நா. கோவிந்தசாமியின் பணி பொருள் பெறுகிறது. அவர் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் வருங்காலத் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். கணினிப் பொறியாளராகப் பயின்றவர் அல்லர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் முயற்சி நடைபெற்றபோது, தமிழும் அத்தளத்தில் தமிழ் எழுத்திலேயே தோன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ‘கணியன்’ என்ற பெயரில் அவர் மென்பொருளொன்றையும் உருவாக்கினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வாளர்களோடு இணைந்து அவர் முன்னின்று கூட்டியதே நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட தமிழ்நெட் 97. எழுத்துக் குறியீட்டிலும் விசைப்பலகையிலும் ஒருமை வேண்டும் என்பதைப் பல நாட்டுத் தமிழர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பேசியது அப்போதுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு, குறியீட்டுத் தரங்களோடு ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே கோவிந்தசாமி மறைந்தார். 2000ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியபோது, ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில். அந்நகரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலிருந்தே தமிழ் மென்பொருளில் உழைத்துவந்தவர். அவருடைய ‘முரசு அஞ்சல்’ நம் பள்ளிகளில் பலருக்கு முதல் தமிழ்த் தட்டச்சு. 2005இல் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்த ‘செல்லினம்’ கைத்தொலைபேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது.

குறியீட்டுச் சிக்கலை இறுதியில் தீர்த்தது ஒருங்குறி. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தியத் தர நிறுவனத்தின் முந்தைய குறியீட்டைத் தழுவிய ஒதுக்கீடு அது. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் இயங்குதளம் தமிழை உள்ளிருந்தே ஆதரிக்கத் தொடங்கிய பிறகு, எழுத்துருச் சண்டை மெல்ல ஓய்ந்தது. ஒருங்குறியிலும் தமிழிலக்கணத்தோடு முழுமையாக ஒவ்வாத கூறு ஒன்று உண்டு. தொடக்கநிலை மாணவரிடம் ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள், மூன்று என்பார். ஒருங்குறியில் அது ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. மெய் என்பது அடிப்படை, அகரம் ஏறியது அதன் வழிவந்தது என்பது நம் இலக்கண மரபு. இங்கோ அகரம் ஏறியது அடிப்படை, புள்ளி பின்னர் ஒட்டப்படுவது. இவ்வேறுபாட்டை நீக்க விரும்பியோர் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் குறியீட்டை வகுத்தனர்; 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. வகுப்பறைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது நம் கருத்து. மென்பொருள் எண்ணுவது ஒன்று, இலக்கணம் எண்ணுவது ஒன்று என்பதை மாணவருக்குச் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் விடுவதுதான் பிழை.

இனி விசைப்பலகைக்கு வருவோம். நாம் இத்தலைப்பைத் தேர்ந்ததற்கு இதுவே முதற்காரணம்.

பள்ளிகளில் தமிழ்த் தட்டச்சு பரவியபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆங்கில எழுத்தின் ஒலிவழித் தட்டுவது. இசட் எழுத்தைத் தட்டினால் ழகரம் வரும். பெரிய எல் ளகரமாகும். பெரிய ஆர் றகரமாகும். மற்றொன்று தமிழ் 99. எந்த முறையைக் கற்பிப்பது என்பது பெரும்பாலும் ஒரு மொழிக்கல்வி முடிவாகவே கருதப்படவில்லை. கணினி அறையை அமைக்க வந்த தொழில்நுட்பர் எதை நிறுவினாரோ அது. ஆசிரியருக்கு எது பழக்கமோ அது. நாமும் அக்காலத்தில் இதைச் சிறு விஷயமாகவே எண்ணினோம். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் அவ்வாறு எண்ணினோம் என்பதைச் சற்று நாணத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலிவழித் தட்டச்சின் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆங்கில விசைப்பலகை அறிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் தமிழ் எழுதிவிடலாம். அது இல்லையெனில் இணையத்தில் தமிழ் இத்தனை விரைவாகப் பெருகியிராது. இக்கட்டுரையையும் நாம் அம்முறையில்தான் தட்டினோம். ஐம்பது வயதுக்குமேல் விரல்களுக்குப் புதுப்பாடம் ஏறவில்லை. ஆனால் தமிழை எழுத்தில் முன்னரே அறிந்த பெரியவர் அம்முறையைக் கையாள்வதும், எழுத்தையே அதன்வழி நிலைபெறச் செய்துகொள்ள வேண்டிய சிறுவர் கையாள்வதும் ஒன்றல்ல. சிங்கப்பூர்ச் சிறாருள் பலருக்கு ஆங்கில எழுத்தே முதலில் மனத்தில் பதிகிறது. ‘பழம்’ என எழுத விரும்பும் குழந்தை தன் மனத்தில் அச்சொல்லை ஆங்கில எழுத்தில் கூட்டிப் பார்க்கிறது. எல் எழுத்தைத் தட்டுகிறது. திரையில் ‘பலம்’ வருகிறது. அதுவும் ஒரு நல்ல தமிழ்ச்சொல்லே ஆகையால் பிழை கண்ணில் படுவதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும் நம் மாணவருக்கு ஏற்கெனவே இடறும் இடங்கள். அவ்விடங்களில் ‘சிறிய எழுத்தா, பெரிய எழுத்தா’ என்னும் தமிழில் இல்லாத ஒரு பாகுபாட்டை நாம் கொண்டுபோய் வைத்தோம்.

தமிழ் 99 பலகையை ஒரு மொழியியலாளர் கூர்ந்து பார்த்தால் வியப்பார். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் ‘கி’. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று கரும்பலகையில் எழுதிக்காட்டும் பாடம், இரு கைகளின் அசைவாகவே நிகழ்கிறது. அதனினும் சிறந்தது புள்ளி பற்றிய விதி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின்மேல் புள்ளி தானே ஏறும். ககர இரட்டிப்பு ‘க்க’ ஆகும். மெல்லினத்தைத் தட்டி அதன் இனமான வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இது மெய்ம்மயக்கம் பற்றித் தொல்காப்பியம் முதலாக நம் இலக்கணங்கள் கூறுவனவற்றின் ஒரு பகுதியைப் பொறிக்குக் கற்றுக்கொடுத்தது போன்றது. தமிழ்ச் சொல்லில் எவ்வெழுத்தின்பின் எவ்வெழுத்து இயல்பாக வரும் என்ற அறிவு அப்பலகையின் உள்ளே இருக்கிறது. ‘மமதை’ போல விதிக்கு அடங்காத சொல் வந்தால் நடுவில் அகரத்தைத் தட்ட வேண்டும். விதிவிலக்கும் விரலுக்குத் தெரிகிறது. பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதுதான் குறை. 30 விழுக்காட்டை எட்டுவதற்கான ஓட்டத்தில் அச்சில வாரங்களைத் தருவதற்கு எவருக்கும் பொறுமையில்லை.

இங்கேதான் பள்ளித் தலைமை உள்ளே வருகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் முதல்வர் தமிழ் அறியாதவர். தாய்மொழிப் பிரிவின் தலைவரும் பெரும்பாலும் சீனமொழி ஆசிரியராகவே இருப்பார். தமிழாசிரியர் இருவரோ மூவரோ. இது எவர்மீதும் குற்றமன்று, மக்கள்தொகையின் இயல்பு. ஆனால் அதன் விளைவு யாதெனில், தமிழ் வகுப்பில் கணினி எவ்வாறு பயன்பட்டது என்பதைத் தலைமை அளந்தறிய வேண்டியபோது, எண்ணக்கூடியதையே எண்ணியது. கணினி அறைக்கு எத்தனை முறை சென்றீர்கள், எத்தனை மாணவர் கோப்பைச் சமர்ப்பித்தனர் என்பனவே கேள்விகள். நாமும் அதற்கேற்ப விடையளித்தோம். நாம் அறிந்த ஒரு பள்ளியில், ஆண்டறிக்கையின் கட்டங்களை நிரப்புவதற்காகவே வாரம் ஒருமுறை மாணவரைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்று, பாடநூலின் பக்கமொன்றைப் பார்த்துத் தட்டச்சு செய்யவைத்தனர். கட்டங்கள் நிரம்பின.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் நாம் சந்தித்தோம். புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஒரு தொடக்கப்பள்ளியின் முதல்வர். தமிழில் ‘வணக்கம்’ தவிர வேறொன்றும் அறியாதவர். நம் வகுப்பைப் பார்வையிட வந்து கணினி அறையின் பின்வரிசையில் அமர்ந்தார். கையில் ஒரு தாளும் கைக்கடிகாரமும். பாடம் முடிந்ததும், ‘எனக்குச் சொற்கள் புரியவில்லை, ஆனால் எது ஆங்கிலம், எது தமிழ் என்று கேட்டால் தெரியும். இந்த நாற்பது நிமிடத்தில் உங்கள் பிள்ளைகள் தமிழில் பேசியது மூன்று நிமிடம்கூட இல்லை. வகுப்பறையிலும் இப்படித்தானா?’ என்றார்.

அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. அவர் சொன்னது உண்மை. கணினித் திரையில் கட்டளைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே பிள்ளைகள் தங்களுக்குள், ‘இதை அழுத்து’, ‘சேமித்துவிட்டாயா’ என்பனவற்றை ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டனர். தமிழ் திரையில் இருந்தது, அறையில் இல்லை. மறு வாரம் அமைப்பை மாற்றினோம். அப்போது இருவருக்கு ஒரு கணினி. ஒருவர் தட்டுவார், மற்றொருவர் தொடாமல் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடமாற்றம். ‘சேமி’, ‘அழி’, ‘மேலே போ’, ‘புள்ளி விட்டுப்போச்சு’, ‘அந்த ல இல்ல, இந்த ள’. அறை சந்தைபோல் இரைந்தது. முதல்வர் மீண்டும் கடிகாரத்தோடு வந்தார். இம்முறை எண்ணிக்கையைச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனார்.

இதில் வரலாற்றின் ஒரு முரண் உண்டு. இருவருக்கு ஒரு கணினி என்பது பற்றாக்குறையின் அடையாளமாகக் கருதப்பட்டது. 2003, 2009, 2015 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய அடுத்தடுத்த பெருந்திட்டங்களும், 2018இல் அனைத்துப் பள்ளிகளுக்கும் வந்த மாணவர் கற்றல் தளமும், 2021இறுதிக்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற ஏற்பாடும் அப்பற்றாக்குறையை நீக்கின. பிற பாடங்களுக்கு அது நன்மையே. தமிழ் வகுப்பிலோ, ஒருவருக்கு ஒரு கருவி என்று ஆனதும், பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவையால் எழுந்த பேச்சு அடங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் காதில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இணைந்த கருவியை மாட்டிக்கொண்டு தன் திரையோடு ஒன்றியிருக்கும் காட்சியைப் பார்வையாளர் பாராட்டிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். அவ்வமைதி நமக்கு அச்சம் தருகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் இல்லத்தில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். பல பிள்ளைகளுக்குத் தமிழ் பேசக் கிடைக்கும் இடம் வகுப்பறை ஒன்றே. அங்கும் பேச்சு அடங்கினால் வேறெங்கே?

பேச்சு என்று சொல்லும்போது, எப்பேச்சு என்ற வினாவும் எழும். தமிழ் இரட்டை வழக்கு மொழி. 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் என வலியுறுத்தியது. 2011இல் வெளியான தாய்மொழிகள் பற்றிய மறுஆய்வறிக்கையும் வாழ்க்கையில் பயன்படும் மொழியையே முன்னிறுத்தியது. அதன்பின் வாய்மொழித் தேர்வில் படத்தின் இடத்தைக் காணொளி பிடித்தது. தமிழ் வகுப்புக்குத் தொழில்நுட்பம் செய்த நன்மைகளுள் தலையாயதாக நாம் இதனையே கருதுவோம். அசையாத படத்தின்முன் ‘இப்படத்தில் ஒரு சிறுவன் காணப்படுகிறான்’ என்று மனப்பாடமாகத் தொடங்கிய பிள்ளை, அசையும் காட்சியின்முன் ‘அந்தப் பையன் குப்பையைக் கீழே போட்டுட்டான்’ என்று பேசத் தொடங்கியது. ஆனால் அண்மைக் காலத்தில் பெருகியுள்ள, எழுத்தைப் படித்துக்காட்டும் பொறிக்குரல்கள் பெரும்பாலும் எழுத்து வழக்கையே ஒலிக்கின்றன. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதை ஒவ்வோர் எழுத்தும் கேட்குமாறு சொல்கின்றன. ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்பதை எழுதிக் கொடுத்தால் தடுமாறுகின்றன. இல்லத்தில் தமிழ் கேளாத குழந்தைக்கு அக்குரலே முன்மாதிரியாகுமானால், எவரும் எங்கும் பேசாத ஒரு தமிழை அது பேசக் கற்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பள்ளிக்கு வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியலில் இதற்கு இடமுண்டா என்று தமிழாசிரியர் கேட்க வேண்டும். தமிழறியாத முதல்வரிடத்தும் கேட்கலாம். நாம் கண்ட முதல்வர் அதற்குச் சான்று.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் பள்ளிகள் முழுமையாக இல்லம்சார் கற்றலுக்கு மாறின. நாம் அப்போது முழுநேரப் பணியிலிருந்து விலகி, இளம் ஆசிரியர் சிலருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வகுப்பை இணையவழி உற்றுநோக்கியபோது, மாணவனொருவன் ‘உறவுப்பெயர்கள்’ பற்றிய வினாவுக்கு விடை தெரியாமல் விழித்தான். திரைக்கு அப்பாலிருந்து மூதாட்டியின் குரல் வந்தது: ‘சின்னம்மான்னு சொல்லுய்யா.’ ஆசிரியர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, ‘பாட்டி, நீங்களே வந்து சொல்லுங்க’ என்றார். அடுத்த பத்து நிமிடம் அவ்வம்மையார் திரையின்முன் அமர்ந்து, தம் குடும்பத்து உறவுமுறை அனைத்தையும் விரித்துரைத்தார். பிற வீடுகளிலிருந்தும் இரண்டு தாத்தாமார் வந்து சேர்ந்து, அத்தை மகனை எப்படி அழைப்பது என்று வாதிட்டனர். அப்பள்ளிகள் மீண்டும் திறந்தபின் அவ்வாயில் மூடிக்கொண்டது. அதே கருவிகள் இன்றும் மேசைமேல் உள்ளன. தாத்தா பாட்டியரை மாதம் ஒருமுறையேனும் திரைவழி வகுப்புக்கு அழைக்கும் பள்ளிகள் சிலவே என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்கிறோம். பாதுகாப்பு விதிகள், நேரம், அனுமதி எனக் காரணங்கள் உண்டு. அவ்வனுமதியைத் தருவதும் தலைமையின் பணியே.

சென்ற ஆண்டு நாம் ஒரு தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பில் அமர்ந்திருந்தோம். அவ்வகுப்பாசிரியை தமிழ் 99 முறையையே கற்பிப்பவர். அதற்காக இரண்டு மாதம் வாரம் பத்து நிமிடம் ஒதுக்குவதற்குத் தம் முதல்வரிடம் வாதாடி இசைவு பெற்றவர். ஒரு சிறுமி திடீரென்று கைதூக்கினாள். ‘டீச்சர், நான் புள்ளி வைக்கல. ங போட்டுக் க போட்டேன், அதுவே புள்ளி வெச்சுக்கிச்சு. ஆனா ங போட்டுத் த போட்டா வைக்க மாட்டேங்குது. ஏன்?’ ஆசிரியை விடை சொல்லவில்லை. கருவிகளை மூடச் சொன்னார். வெண்பலகையில் க, ச, ட, த, ப, ற என்று ஒரு வரிசையும், அதன் கீழ் ங, ஞ, ண, ந, ம, ன என்று மற்றொரு வரிசையும் எழுதினார். ‘வாயைத் திறந்து ஒவ்வொண்ணா சொல்லிப் பாருங்க. நாக்கு எங்க போய்த் தொடுதுன்னு சொல்லுங்க’ என்றார். இருபத்திரண்டு பிள்ளைகள் வாயில் விரல் வைத்து, ங்க, ஞ்ச, ண்ட என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லத் தொடங்கினர். மணி அடித்தும் நிறுத்தவில்லை.